பெருகுவதும் நடப்பதும்

இந்த ஊரில் "ஆமாம்" என்பதை மூச்சை உள்ளே இழுத்துச் சொல்கிறார்கள். வட சுவீடனின் வழக்கம் அது. உதட்டைக் குவித்து, சூடான காப்பியை உறிஞ்சுவதுபோல ஒரு சின்ன ஒலி. "ஷூப்" என்று கேட்கும். அவ்வளவுதான் பதில். நான் வந்து இறங்கிய முதல் வாரம், பேருந்து ஓட்டுநரிடம் இந்த வண்டி பல்கலைக்கழகம் போகுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்து மூச்சை உள்ளே இழுத்தார். எங்கள் கடற்கரையில் ஒருவர் அப்படி மூச்சை இழுத்தால் காலில் திருக்கை முள் குத்தியிருக்கிறது என்று அர்த்தம். ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று பயந்து கீழே இறங்கிவிட்டேன். பேருந்து போய்விட்டது. அடுத்த வண்டி வரும் வரை பனியில் நின்று கால் விரல்கள் மரத்துப்போயின. ஆய்வகத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் பேராசிரியர் ஸ்வென், "அது ஆமாம் என்று அர்த்தம், ஜெஸி" என்றார். அன்றிலிருந்து ஷூப் என்றால் ஆமாம் என்று மனதில் எழுதிவைத்துக்கொண்டேன். அப்படி எழுதிவைத்தது எவ்வளவு பெரிய தவறு என்று தெரிய எனக்கு மூன்று வருடங்கள் ஆயின. அதற்குள் என் அக்கா ஸ்டெல்லா தன் மருந்தை நிறுத்தியிருந்தாள்.

இதை ஊரில் இருப்பவர்களுக்காகவும், என்னைப்போல வெளியே வந்து, வீட்டில் "அவளுக்கு எல்லாம் தெரியும்" என்று பெயர் வாங்கிவிட்டவர்களுக்காகவும் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. புற்றுநோய் செல்கள் எப்படி இடம்பெயர்கின்றன என்று ஆராய்கிற ஒரு குழுவில் ஒருத்தி. என் வேலையைச் சொல்வது எளிது. ஒரு கண்ணாடித் தட்டில் செல்களை வளர்ப்பேன். அவை தரை முழுவதும் பாய் விரித்ததுபோல் நிறைந்ததும் நடுவே ஒரு மெல்லிய கீறல் போட்டு, ஒரு பாதை உண்டாக்குவேன். பிறகு உடம்பின் சூட்டில் வைத்த நுண்ணோக்கிப் பெட்டிக்குள் தட்டை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே இருப்பேன். படங்களைச் சேர்த்து ஓட்டினால், கீறலின் இரு கரைகளிலிருந்தும் செல்கள் ஊர்ந்து வந்து நடுவில் சந்திப்பது தெரியும். சில செல்கள் வழியிலேயே உருண்டு திரண்டு இரண்டாகப் பிரியும். பிரிகிற நேரத்தில் எந்தச் செல்லும் நடக்காது. நடக்கிற செல் அந்த நேரத்தில் பிரியாது.

எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த கேள்வி ஒரு புரதத்தைப் பற்றியது. பி27 என்று அதற்குப் பெயர். செல்லின் உட்கருவுக்குள் இருக்கும்போது அது ஒரு காவல்காரன். "இப்போது பிரியாதே, பொறு" என்று செல்லைத் தடுத்து நிறுத்தும். அதே புரதம் உட்கருவை விட்டு வெளியே வந்துவிட்டால் அதன் வேலை மாறிவிடும். செல் தரையைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தி, அது நகர்ந்து போக உதவும். ஒரு கட்டி கொல்வதைவிட, கட்டியை விட்டுக் கிளம்பி நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்ச் சேர்கிற செல்களே அதிகம் கொல்கின்றன. அதனால்தான் பெருகுவதை நிறுத்துகிற ஒன்று நடப்பதற்கும் உதவுமா என்ற கேள்வி எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம். இதை நான் ஊரில் யாரிடமும் விளக்கியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. முட்டத்துக்கு மேற்கே, கடலை ஒட்டிய எங்கள் ஊரில் நான் "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிற பிள்ள". அவ்வளவே.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு மீன் விற்கப் போனாள். கரையில் ஏலம் எடுத்து, கூடையில் பனிக்கட்டி போட்டு, இராஜாக்கமங்கலம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய் விற்பாள். அன்று பிடித்த அயலையைப் பழையது என்று சொல்லிப் பேரம் பேசுகிறவள் முன்னால் கூடையை மூடிக்கொண்டு நடந்துவிடுவாள். யார் சொன்னாலும் ஏன், எதற்கு என்று நாலு கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள். என்னைத் தவிர.

அதற்குக் காரணம் 2004-ஆம் வருடத்துக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நான் மேட்டுச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். அக்கா கீழே மணலில் காயப்போட்டிருந்த நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மேட்டிலிருந்து பார்த்தபோது கடல் வழக்கமான இடத்தில் இல்லை. தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு நிமிர்ந்து வந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. சுனாமி என்ற சொல்லை அன்று மாலைதான் முதன்முதலாகக் கேட்டேன். "அக்கா, மேல வா, எல்லாத்தையும் போட்டுட்டு வா" என்று மட்டும் கத்தினேன். அவள் நிமிர்ந்து கடலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளருகே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிக் கடலைப் பார்த்தார்கள். அவர்கள் வரவில்லை. அக்கா அதைப் பற்றிப் பிறகு அதிகம் பேசியதில்லை. ஆனால் யாராவது என்னைக் கேலி செய்தால், "இவ சொன்னா நான் எதுக்குன்னு கேக்க மாட்டேன்" என்பாள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அது எவ்வளவு கனமான பொறுப்பு என்று அப்போது தோன்றவில்லை.

நான் சுவீடனுக்கு வந்த மூன்றாவது வருடம் அவள் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. இலந்தைப் பழ அளவுதான் என்றாள் போனில். திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளில் எடுத்த நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில் நோய் இருந்தது. அதாவது, கட்டி சின்னதுதான், ஆனால் அதிலிருந்து சில செல்கள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தன. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். நான் விடுப்பு எடுத்து வருவதாகச் சொன்னதற்கு, "நீ வந்து என்ன செய்யப் போற? அங்கன இருந்து மருந்தக் கண்டுபிடி" என்று சிரித்தாள். அவள் கணவர் ஆன்றனி அத்தான் விசைப்படகில் போகிறவர். போனால் கரைக்கு வர இரண்டு மூன்று வாரமாகும். முதல் இரண்டு தடவைக்கும் அவர் கடலுக்குப் போகாமல் கூடவே இருந்தார்.

இரண்டாவது தடவை அவளைப் புரட்டிப் போட்டுவிட்டது. முடி கொத்துக் கொத்தாகப் போனது. வாயெல்லாம் புண். மீன் குழம்பு வாசம் பட்டாலே வாந்தி. மீன் விற்கிறவளுக்கு மீன் வாசம் ஆகவில்லை என்றால் அவள் எங்கே போய் இருப்பாள்? தினமும் இங்கே மதிய இடைவேளையில் கூப்பிடுவேன். ஆய்வகத்தில் எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பேசாமல் தின்றுகொண்டிருப்பார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வாரம்தான் எனக்கு அந்தப் படம் கிடைத்தது. இரண்டு தட்டுகள். ஒன்றில் செல்களை அப்படியே விட்டிருந்தேன். மற்றதில், செல் பிரிவதை நிறுத்துகிற ஒரு ரசாயனத்தைச் சேர்த்திருந்தேன். நிறுத்தப்பட்ட தட்டில் ஒரு செல்கூடப் பிரியவில்லை. ஆனால் அவை கீறலைத் தாண்டிப் பாதி வழிக்கு மேல் போயிருந்தன. மற்றவை கரையைவிட்டு அவ்வளவாக நகரவில்லை. சாயமிட்டுப் பார்த்தபோது பி27 உட்கருவுக்கு வெளியே இருந்தது. இன்னும் இரண்டு தடவை செய்தேன். அதே கதை. ஓர் ஆராய்ச்சியாளருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டிய நாள். நான் கணினியை மூடிவிட்டேன். பெருகுவதை நிறுத்தினால் நடக்கிறது. அக்காவின் கையில் ஏறிக்கொண்டிருப்பதும் பெருகுவதை நிறுத்துகிற மருந்துதானே?

ஸ்வென் அறைக்குப் போனேன். படத்தை ஓட்டிக் காட்டினேன். என் அக்காவின் நோயைப் பற்றி அவருக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. இங்கே யாரும் வீட்டு விஷயத்தைக் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. "அப்படியென்றால், செல் பிரிவதை நிறுத்துகிற மருந்துகள் நோயாளியின் உடம்பில் புற்றுநோயைப் பரப்பவும் செய்யலாம், இல்லையா?" என்று கேட்டேன். அவர் கண் திரையில் இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தார். ஷூப். பிறகு, "இன்னொரு தடவை ஓட்டு" என்றார். நான் ஓட்டினேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டாரே.

மறுநாள் அக்காவிடம் பேசினேன். மூன்றாவது தடவைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

"மக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "இந்த மருந்து உள்ள போய் என்ன செய்யும்?"

"கெட்ட செல்லு பெருகுறத நிறுத்தும்."

"நிறுத்தினா அது செத்துப் போவுமா?"

அந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மைக்கு நெருக்கமான பதில். ஆனால் என் கண்ணுக்குள் அந்தத் தட்டு இருந்தது. "சிலது சாவும். சிலது நின்னுட்டு வேற எடத்துக்கு நடந்து போவவும் செய்யலாம். நாங்க இப்போ அதத்தான் பாத்துட்டு இருக்கோம்" என்றேன்.

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் அக்கா."

"செரி மக்கா. நீ போய் சாப்புடு" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் குரல் தேறியது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "இப்போ கொள்ளாம். வாந்தி இல்ல. நாக்குல ருசி தெரியுது" என்றாள். மூன்றாவது தடவையை உடம்பு தாங்கிக்கொண்டது என்று நினைத்து நிம்மதியானேன். ஏற்றியாயிற்றா என்று நான் கேட்கவில்லை. ஏற்றவில்லை என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாள். இங்கே அப்போது ஏப்ரல். உறைந்திருந்த கடல் கரையோரமாக விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஒரு துளைக்கு ஒரு ஆள், பேச்சே இல்லை. அக்காவிடம் சொன்னால் சிரிப்பாளே என்று படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நாலாவது தடவைக்கான நாள் நெருங்கியபோது அத்தான் கூப்பிட்டார். வேலை நாளில் காலை பத்து மணிக்கு அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"ஜெஸி, நான் நேத்தாக்கும் கரைக்கு வந்தேன். ஆஸ்பத்திரிலேந்து இவளுக்கு ரெண்டு மட்டம் போன் வந்திருக்கு. எடுக்கல்ல. மருந்து ஏத்தப் போவல்லியா? கேட்டா, ஜெஸி வேண்டாம்னு சொல்லியாச்சுன்னு சொல்லுதா. நீ சொன்னியா?"

என் கையில் ஒரு தட்டு இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. "நான் அப்படிச் சொல்லல்ல அத்தான்" என்றேன்.

"பின்ன என்ன சொன்ன?"

உடனே அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். மருந்தை நிறுத்தக்கூடாது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று கெஞ்சினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "அன்னைக்கு கண்ணால பாத்தேன்னு சொன்ன. இன்னைக்கு அத்தான் சத்தம் போட்டதும் மாத்திப் பேசுத. அவியளுக்கு பயம். நீ பயப்படாத மக்கா" என்றாள். மறுநாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. தன் தங்கையைச் சங்கடத்தில் மாட்டிவிடக்கூடாது என்று எடுக்காமல் இருந்திருக்கிறாள்.

ஸ்வென் அறைக்கு நேராகப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை. அக்காவைப் பற்றி முதல் தடவையாக அவரிடம் சொன்னேன். "நான் கேட்டபோது நீங்கள் ஆமாம் என்றீர்களே" என்றேன். அவருக்கு எதுவும் புரியவில்லை. நான் அந்த ஒலியைச் செய்து காட்டினேன். "ஜெஸி, அது ஆமாம் மட்டும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்றும் அர்த்தம். நான் உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கேள்வி என் காதில் முழுதாக விழவே இல்லை" என்றார். பிறகு நாற்காலியை எனக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு மாணவிக்குச் சொல்வதுபோல அல்லாமல், வீட்டு மனிதரிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். நான் பயன்படுத்தியது செல்லை நிறுத்தி மட்டும் வைக்கிற ரசாயனம். அக்காவுக்குக் கொடுப்பது செல்லைக் கொல்கிற மருந்து. என் தட்டில் ரத்தம் இல்லை, நோயெதிர்ப்பு இல்லை, சுற்றிலும் சதை இல்லை. வழுக்கும் கண்ணாடித் தரை மட்டும். ஒரே வகைச் செல், ஒரே ஒரு அளவு ரசாயனம். "உன் படம் ஒரு நல்ல கேள்வி. அது பதில் இல்லை. மனிதர்களில் பார்த்த பதில் அந்த மருத்துவர்களிடம் இருக்கிறது" என்றார். இவை எதுவும் எனக்குப் புதிதல்ல. இதே வாக்கியங்களை முதல் வருட மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். பயம் வந்தபோது எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். "கிளம்பு. இன்றைக்கே கிளம்பு" என்றார்.

ஸ்டாக்ஹோம், தோஹா, திருவனந்தபுரம். விமானத்தில் எனக்குப் பக்கத்தில் கொல்லங்கோட்டுக்காரர் ஒருவர், கல்ஃபிலிருந்து மகளின் திருமணத்துக்குப் போகிறவர், என்ன வேலை என்று கேட்டார். கேன்சர் ஆராய்ச்சி என்றேன். தன் மாமியாருக்கு இருக்கும் நோயைப் பற்றிச் சொல்லி, என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று கேட்டார். "எனக்குத் தெரியாது. அவங்க டாக்டர்ட்ட கேளுங்க" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்வது எவ்வளவு எளிதாக இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் இந்த விமானத்தில் இருந்திருக்க மாட்டேன்.

வீட்டில் அக்கா இல்லை. கரைக்குப் போயிருக்கிறாள் என்றார் அத்தான். ஏலக்கூட்டத்தின் நடுவே, சேலைத் தலைப்பால் தலையை இறுக்கி மூடிக்கொண்டு, சாளைக் குவியலுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, ஆனால் குரல் மட்டும் பழைய குரல். என்னைப் பார்த்ததும் கேட்டுக்கொண்டிருந்த விலையைப் பாதியில் விட்டாள்.

"ஏட்டி, நீ எப்ப வந்த? யாருக்கு என்ன ஆச்சு?"

"உனக்குத்தான் அக்கா" என்றேன். கூட்டத்தின் முன் அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. அவள் கூடையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்திக் கொண்டுபோனாள்.

மதியம் மடிக்கணினியைத் திறந்து அவளுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து, மீன் கண்ணைப் பார்த்துப் புதியதா என்று சோதிப்பவள்போல, திரையைக் கூர்ந்து பார்த்தாள்.

"இது என்னது, நண்டுக் குஞ்சா?"

"கேன்சர் செல்லு."

அவள் கை பின்னால் போனது. "எனக்கதா?"

"இல்ல. வேற ஒரு பொம்பளைக்கது. அவ செத்து ரொம்ப வருஷமாச்சு. அவளுக்க செல்ல மட்டும் இப்பவும் வளத்துட்டு இருக்காவ."

"அவளுக்க பேரு என்ன?"

இத்தனை வருடம் அந்தச் செல்களோடு வேலை செய்திருக்கிறேன். பெட்டியில் ஓர் எண் எழுதியிருக்கும். "தெரியாது அக்கா" என்றேன். அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. "அப்போ இவளுக்குள்ளது நடந்தா எனக்குள்ளதும் நடக்குமா?"

"தெரியாது."

"உங்க சாருக்குத் தெரியுமா?"

"அவருக்கும் தெரியாது. நான் கேட்டதுக்கு அவரு மூச்ச உள்ள இழுத்தாரு. அந்த ஊருல அது ஆமான்னு அர்த்தம். ஆனா எப்பவும் இல்லியாம். நான் தப்பாட்டு எடுத்துட்டேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஒருத்தரு மூச்சு இழுத்ததுக்கா நான் மருந்த நிறுத்தினேன்?"

வெளியே யாரோ வலை இழுக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அத்தான் எழுந்து போய்விட்டார்.

"சுனாமி அன்னைக்கு நீ சொன்னது?" என்று கேட்டாள் அக்கா, மெதுவாக. அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. ஒரு தவறு பழைய உண்மையையும் சந்தேகிக்க வைத்துவிட்டது.

"அன்னைக்கு நான் கடலப் பாத்தேன் அக்கா. இது கண்ணாடித் தட்டு. இதுல உன்னய நான் பாக்கல்ல. பாத்த மாதிரி பேசிட்டேன். நான் டாக்டர் இல்ல. எனக்குத் தெரியாததத் தெரியாதுன்னு உன்கிட்ட சொல்ல வெக்கப்பட்டேன்."

அவள் என்னைத் தேற்றவில்லை. எழுந்து முகம் கழுவி வந்தாள். தலைத்துணி நனைந்து, முடியில்லாத தலை தெரிந்தது. அதை மூட அவள் அவசரப்படவில்லை. "மூணு வாரம் போச்சு" என்றாள். பிறகு, "திருவனந்தரத்துக்கு காலத்த மொத பஸ் எப்பன்னு உனக்க அத்தானட்ட கேளு" என்றாள்.

மருத்துவர் மலையாளப் பெண், ஐம்பது வயதிருக்கும். கோப்பைப் புரட்டிவிட்டு யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். "நானாட்டு பயந்துட்டேன் டாக்டரே" என்றாள் அக்கா, நான் வாய் திறப்பதற்குள். நான் இடைமறித்து, நான்தான் சொன்னேன், இன்ன வேலை செய்கிறேன், இன்னதைப் பார்த்தேன் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்க தட்டுல இருக்கிற செல்லுக்கு குடும்பம் கிடையாது. இவங்களுக்கு உண்டு. அத ஞாபகம் வச்சுட்டு பேசணும்" என்றார். இந்த மூன்று வாரத் தாமதம் என்ன செய்திருக்கும் என்று கேட்டேன். "அது பறயான் பற்றில்லா" என்றார். சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில், மூன்றாவது மனிதரும் அதையே சொன்னார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மறுநாள் காலை ஊசி ஏறியது. சொட்டுச் சொட்டாக விழுந்த சிவப்பு மருந்தை அக்கா பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, என் விரலை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

மீதித் தடவைகளை அவள் முடித்தாள். கதிர்வீச்சும் முடிந்தது. நான் இங்கே திரும்பி, அதே சோதனையைக் கண்ணாடித் தரையில் இல்லாமல், உடம்பின் சதையைப்போல மெத்தென்ற கூழுக்குள் செல்களைப் பதித்துச் செய்து பார்த்தேன். நிறுத்தப்பட்ட செல்களில் சில நடந்தன, பல நடக்கவில்லை. சில தடவை வித்தியாசமே இல்லை. பி27 வெளியே வந்தால் நடை மாறுகிறது என்பது உறுதியாக நின்றது. எங்கே, எப்போது, எவ்வளவு என்பது இன்னும் திறந்த கேள்வி. என்னைப் பயமுறுத்திய அந்த முதல் படம் நாங்கள் எழுதிய கட்டுரையில் இடம்பெறவில்லை. அதை நான் அழிக்கவும் இல்லை.

அந்த மூன்று வாரத்தின் கணக்கு தீரவில்லை. ஒவ்வொரு ஆறு மாதமும் அக்கா பரிசோதனைக்குப் போகும் வாரம் நான் இங்கே எந்தத் தட்டையும் தொடுவதில்லை. இரண்டு வருடம் கழித்து அது வந்தது. விடாத இருமல். நுரையீரலின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. பழைய சளியின் தழும்பாகவும் இருக்கலாம், நடந்து வந்து உட்கார்ந்த ஒன்றாகவும் இருக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார் மருத்துவர். அந்த மூன்று மாதத்தில் அக்கா என்னிடம் நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் "நீ சொல்லு" என்பவள், "டாக்டரு சொல்லட்டு" என்றாள். அது சரிதான். இருந்தாலும் அவளுக்குள் எனக்காகத் திறந்திருந்த ஒரு கதவு சாத்தப்பட்டதுபோல வலித்தது. மூன்றாவது மாதம் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனேன். ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நானும் அத்தானும் உட்கார்ந்திருந்தோம். சனிக்கிழமை மதியம் முடிவு வந்தது. புள்ளி வளரவில்லை. தழும்புதான். அக்கா அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டு, "பசிக்குது" என்றாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே பரோட்டாவும் மீன் கறியும் தின்றோம். கறியில் போட்டிருந்த நெய்மீன் பழையது என்று கடைக்காரரிடம் சண்டை பிடித்தாள்.

மறுநாள் பூசைக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில், தூணுக்கு அடுத்த வரிசையில் இருவரும் உட்கார்ந்தோம். மன்றாட்டு நேரம் வந்ததும் ஒரு பெண் ஒலிபெருக்கி முன் நின்று தாளைப் பார்த்து வாசித்தாள். நோயுற்றோருக்காக என்று சில பெயர்கள். அதில் அக்காவின் பெயர் இல்லை. அவள் கொடுத்திருக்க மாட்டாள். அடுத்து, தூர நாடுகளில் வாழும் நம் பங்கு மக்களுக்காக என்று ஒரு நீண்ட பட்டியல். குவைத்தில் இருக்கும் ராஜன், மஸ்கட்டில் இருக்கும் செல்வம், கப்பலில் இருக்கும் இரண்டு பேர். பிறகு, "சுவீடன் நாட்டில் இருக்கும் ஜெஸி" என்றாள். நான் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தேன். நான் வருவேன் என்று தெரியாமல் அவள் எப்போதோ எழுதிக் கொடுத்தது. அவள் பீடத்தைப் பார்த்தபடியே என்னை முழங்கையால் இடித்தாள்.

"உனக்குத்தான். சொல்லு" என்றாள்.

கோயில் முழுவதும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நானும் எல்லாரோடும் சேர்ந்து, ஊரில் இல்லாத அந்த ஜெஸிக்காக மன்றாடினேன்.